பாடபேதம்

அப்பா இறந்த மறுவருஷம், 2018 ஆடி மாதம், அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒரு வங்கிக்குப் போனேன். அப்பா பெயரில் அங்கே ஒரு வைப்புத்தொகை இருந்தது. பெரிய தொகை இல்லை. நாமினி என்ற இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டிருந்தார். அம்மாவின் மடியில் ஒரு பாலித்தீன் பை. அதற்குள் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாம் உப்புக்காற்றில் பழுத்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தன.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பிப் பார்த்தார்.

"இதுல மூணு பேர் இருக்காங்களே மேடம். இவங்க யாரு?"

அம்மா முந்திக்கொண்டாள். "மூணும் நாந்தான் தம்பி."

"அதுக்கு ஒரு சான்று வேணும் பாட்டி."

"நான் ஒருத்திதான்னு நானே முன்னாடி நிக்கிறேனே, அது பத்தாதா?"

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. உதவி செய்யத்தான் பார்த்தார். கைரேகை வைத்தால் ஆதார் விவரம் தானாக வந்துவிடும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சின்னக் கருவியை நகர்த்தி வைத்தார். அம்மா கட்டைவிரலை வைத்தாள். கருவி ஏற்கவில்லை. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். பத்து விரலும் முடிந்தது. ஒன்றுகூட ஏறவில்லை.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பாசி எடுத்த கை அது. பாம்பனுக்குத் தெற்கே தீவுகளை ஒட்டிய பார்களில் முங்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பிய்த்தெடுத்த கை. விரல்களில் கந்தல்துணியைச் சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். துணியையும் தாண்டிப் பவளப்பாறை அறுக்கும். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆன பிறகு, ஆளுக்குப் பயந்து அவசரமாகப் பிய்க்க வேண்டியதாகிவிட்டது. அறுப்பு இன்னும் கூடியது. எல்லாப் பதிவேடுகளையும் ஒன்றாகக் கோக்கும் சாவி என்று நாடு எதை நம்பியதோ, அதைக் கடல் அம்மாவின் விரலிலிருந்து எப்போதோ தேய்த்துவிட்டிருந்தது.

*

அம்மா பிறந்தது தனுஷ்கோடியில். தாத்தா அங்கே கப்பல் துறையில் மூட்டை தூக்கியவர். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி போகிற வழியில் கோயில் கொண்டிருக்கும் நம்புநாயகி அம்மனின் பெயரைத்தான் அம்மாவுக்கு வைத்தார்கள். எங்கள் பக்கம் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'நம்பு' என்று தொடங்கும் பெயர்கள் ஏராளம்.

குடும்ப அட்டையில் அந்தப் பெயர் 'தாய்' என்று முடிகிறது. வாக்காளர் அட்டையில் 'நாயகி'. ஆதாரில் நடுவே ஓர் இடைவெளி விழுந்து, பாதி அவள் பெயராகவும் மீதி வேறு யாரோ ஒருத்தியின் பெயராகவும் நிற்கிறது. வைப்புத்தொகைப் படிவத்தில் அப்பா சொல்லச் சொல்ல யாரோ எழுதியதில் மரியாதைக்கு ஓர் 'அம்மாள்' சேர்ந்துவிட்டது. ஓர் அட்டையில் தாத்தாவின் இனிஷியல், மற்றதில் அப்பாவின் இனிஷியல். வயதும் மூன்று விதம். 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊரே போனது. தன் வயதை அம்மா இன்றைக்கும் அதை வைத்துத்தான் சொல்வாள்: "புயலுக்கு எனக்கு ஒம்பது, பத்து இருக்கும்."

வீட்டுக்கு வந்து அட்டைகளைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. கணக்கெடுக்க வந்தவர், பட்டியல் எழுதியவர், கணினியில் தட்டச்சு செய்த பையன், அப்பா என்று அம்மாவின் பெயரை ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆண்தான் சொல்லியோ எழுதியோ இருக்கிறான். அம்மா தன் கையால் எழுதிய பெயர் ஒன்றுகூட இல்லை என்று அன்று நினைத்தேன். அது தவறு என்று பின்னால் தெரிந்தது.

*

ராமநாதபுரத்தில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் அப்போது தரமதிப்பீட்டுக்கான தரவுகளைத் திரட்டிக்கொண்டிருந்தோம். சேர்க்கைப் பதிவேட்டிலும் பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலிலும் உதவித்தொகைப் பட்டியலிலும் பெயர்கள் ஒத்துவரவில்லை. பையன்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தவறு. பெண்களில் நிறைய. படிப்பின் நடுவில் கல்யாணமாகி இனிஷியல் மாறியவர்கள் இரண்டு பேராகப் பிரிந்து கிடந்தார்கள். கணினித் துறையில் வேலை பார்க்கும் தோழியிடம் இதையும் அம்மா கதையையும் சேர்த்துப் புலம்பினேன்.

"அக்கா, இது புதுப் பிரச்சினை இல்ல. எங்க துறையில அறுபது வருஷமா மண்டைய உடைச்சுக்கிட்டிருக்காங்க" என்று சில பழைய கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தாள். கணிதம் வந்த இடங்களைத் தாண்டிவிட்டு, பழைய உரை படிப்பதுபோல மெதுவாகப் படித்தேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1959இல் ஹோவார்ட் நியூகோம் என்ற கனடாவின் மரபியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அணுக்கதிர்வீச்சு தலைமுறைகளைப் பாதிக்கிறதா என்று அறிய அவருக்குக் குடும்பங்களின் வரலாறு தேவைப்பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் கணினி வழியே பொருத்திப் பார்த்தார். பிறந்த குழந்தை எந்தத் தம்பதியுடையது என்று கண்டுபிடிக்க ஆணின் குடும்பப் பெயர் மட்டும் போதவில்லை. மனைவியின் கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரையும் சேர்த்து, இரண்டையும் ஒரு ஜோடியாக வைத்துத்தான் தேடினார். ஊரும் உறவும் மறக்கச் சொல்கிற பெயர் அங்கே பாதிச் சாவியாக இருந்தது.

பத்து வருஷம் கழித்து, 1969இல், ஐவன் ஃபெலேகி, ஆலன் சன்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதற்குக் கணித அடிப்படை அமைத்தார்கள். இரண்டு பதிவுகளை ஒப்பிட்டால் அவர்கள் கணக்கில் மூன்று முடிவுகள் வரலாம். இருவரும் ஒருவரே. இருவரும் வேறு வேறு. மூன்றாவது, ஒருவராக இருக்கலாம். ஒரு மனிதர் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது முடிவை அவர்கள் தோல்வியாக எண்ணவில்லை. கணக்குக்குள்ளேயே அதற்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். அன்று வங்கியில் அம்மா நின்றது அந்த மூன்றாவது இடத்தில்தான். எடுத்துப் பார்க்க அங்கே ஒரு மனிதரும் இருந்தார். ஆனால் பார்த்ததை வைத்து முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

அடுத்து வந்தது இன்னும் பெரிய சிக்கல். எழுபதுகளில் தரவுத்தளங்கள் பெருகின. ஒன்று தகவல்களை மரம்போலக் கிளைகிளையாக அடுக்கியது. மற்றொன்று வலைபோலப் பின்னியது. 1970இல் எட்கர் காட் முன்வைத்த முறையில் எல்லாம் அட்டவணைகள். ஒன்றின் கேள்வி மற்றொன்றுக்குப் புரியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'மல்டிபேஸ்' என்ற ஆய்வுத்திட்டம் ஒரு வழி கண்டது. இருக்கிற தரவுத்தளங்கள் எதையும் மாற்றாமல், அவற்றுக்கு மேலே ஒரு பொது வரைவை வைத்து, கேள்வியை அந்தந்தத் தரவுத்தளத்தின் மொழிக்குப் பெயர்த்து அனுப்புவது.

பொது வரைவே வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பிரான்சில் விட்டோல்ட் லிட்வின் அவர்களில் ஒருவர். 1985இல் டென்னிஸ் ஹைம்பிக்னர், டென்னிஸ் மெக்லியாட் இருவரும் 'கூட்டாட்சி' அமைப்பு ஒன்றை விவரித்தார்கள். அவர்கள் அமைப்பில் நடுவில் எஜமான் கிடையாது. ஒவ்வொரு தரவுத்தளமும் தன்னிடம் இருப்பதில் எதை, யாருக்குக் காட்டலாம் என்று தானே ஒரு பட்டியல் போடும். மற்றவர் கேட்டால் பேசி முடிவு செய்யும். காட்டாதது காட்டாததுதான்.

1990இல் அமித் சேத், ஜேம்ஸ் லார்சன் இருவரும் இந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: பரவியிருத்தல், வேறுபட்டிருத்தல், தன்னாட்சி. வேறுபாடு எழுத்துப்பிழையில் மட்டும் வருவதில்லை, பொருளிலும் வரும் என்கிறார்கள். அவர்கள் காட்டும் உதாரணம் உணவகச் சாப்பாட்டின் விலை. ஒரு தரவுத்தளத்தில் அது வரி சேராத விலை. மற்றொன்றில் வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த விலை. இரண்டும் சரி. இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால்தான் தவறு.

அந்த 'தன்னாட்சி' என்ற சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டேன். யந்திரங்களைப் பற்றிய கட்டுரையில் ஒரு பெண் கோடு போடுகிற சொல்லா அது என்று எனக்கே சிரிப்பு வந்தது.

*

தாத்தா சொன்ன ஒரு கதையை அப்போது நினைத்துக்கொண்டேன். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில். அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு மறுபடி ரயில். இந்தக் கரையில் தண்டவாளம் மீட்டர் கேஜ். அந்தக் கரையில் ஐந்தரை அடி அகலப் பாதை. இந்த வண்டி அங்கே ஓடாது, அந்த வண்டி இங்கே ஓடாது. ஆனாலும் போட் மெயிலில் ஒரே டிக்கெட்டில் கொழும்பு போனார்கள். எந்த நாடும் தன் தண்டவாளத்தைப் பெயர்க்கவில்லை. இடையில் ஒரு துறைமேடையும் ஒரு கப்பலும் மூட்டை மாற்றிவைக்கத் தாத்தா மாதிரி ஆட்களும் இருந்தார்கள். அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரைகள் சொல்வதும் ஏறக்குறைய அதையே. இணைவதற்கு எல்லாரும் ஒரே அளவுக்கு மாற வேண்டியதில்லை. மாற்றிவைக்கும் வேலையை அமைப்பு செய்ய வேண்டும். அம்மா விஷயத்தில் அமைப்பு அந்த வேலையை அம்மாவின் தலையில் வைத்தது. நோட்டரிக்குப் போ, முத்திரைத்தாள் வாங்கு, 'இருவரும் ஒருவரே' என்று உறுதிமொழி கொடு, அரசிதழில் பெயர் மாற்றம் போடு என்றார்கள். எழுதியவர்கள் மாற்றி எழுதினார்கள். எழுதப்பட்டவள் நடையாய் நடந்தாள்.

என் துறைக்கு இந்தச் சிக்கல் தெரியாததல்ல. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவருக்குக் கிடைத்த ஏடுகளில் ஒன்றில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். பொருந்தும் பாடத்தை மேலே வைத்தார். மற்ற பாடங்களை எரித்துவிடவில்லை, குறித்து வைத்தார். அதற்குப் பெயர் பாடபேதம். எது பிழை, எது இன்னொரு ஊரின் வழக்கு என்று பின்னால் வருகிறவர்கள் யோசிக்க அது இடம் விடுகிறது. செய்யுளுக்கு நாம் கொடுக்கும் இந்த மரியாதை, ஒரு பெண்ணின் பெயருக்கு அலுவலகத்தில் கிடைப்பதில்லை. அங்கே பேதம் என்றால் மோசடி, இல்லாவிட்டால் அறியாமை.

நேரெதிரான தவறும் நம்மிடம் உண்டு. ஔவையார் என்ற ஒரே பெயரின் கீழ் எத்தனை பெண்களைப் போட்டு அடைத்திருக்கிறோம்! அதியமானோடு கள்ளுண்ட சங்கப் புலவரும், பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி எழுதியவரும் பாடப்புத்தகத்தில் ஒரே கிழவியாகக் கோலூன்றி நிற்கிறார்கள். இந்தப் பக்கம் நச்செள்ளையார் காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் ஆனார். சங்கப் பெண் புலவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஆய்வாளர்கள் வேறு வேறு எண்ணிக்கை சொல்கிறார்கள். வெறும் பெயரை வைத்துப் பெண் என்று உறுதி சொல்ல முடியாத இடங்கள் இருப்பதுதான் காரணம். ஒருத்தியைப் பலராகப் பிரிப்பதும் பலரை ஒருத்தியாகச் சேர்ப்பதும் பெண்களுக்கே அதிகம் நடக்கிறது. பெண்ணின் பெயரை அவளைக் கேட்டு எழுதும் வழக்கம் இல்லை.

*

இவ்வளவும் படித்த உற்சாகத்தில், அம்மாவின் எல்லாப் பதிவுகளையும் ஒரே பெயருக்கு, ஒரே இனிஷியலுக்கு, ஒரே வயதுக்குக் கொண்டுவந்துவிடுவது என்று கிளம்பினேன். படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"எல்லாத்தையுமா ஒண்ணாக்கப் போற?"

"ஆமாம்மா. அப்பத்தான் இனிமே அலைய வேணாம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்துபோய், அரிசிப் பானைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்தாள். தபால் ஆபீஸ் பாஸ்புக். அதில் அவள் பெயர் வேறு எந்த அட்டையிலும் இல்லாத விதத்தில் இருந்தது. வெறும் 'நம்பு'. முன்னால் தாத்தாவின் இனிஷியல். கையெழுத்து அவளுடையது. மூன்றாம் வகுப்பு வரை படித்தவளின் உருண்டை எழுத்து.

"இந்த ஒண்ணத் தொடாதத்தா. இது உங்கப்பாவுக்கே தெரியாது. உன் தம்பிக்கும் தெரிய வேணாம்."

பாசி விற்ற காசில் அவ்வப்போது போட்ட சிறுவாடு. பக்கங்களைப் புரட்டினேன். இருபதும் ஐம்பதுமாக ஏறிக்கொண்டே வந்த கணக்கு, 2001 ஜூனில் ஒரே நாளில் ஏறக்குறைய காலியாகியிருந்தது.

2001 ஜூன் எனக்கு மறக்காது. பி.ஏ. முடித்திருந்தேன். படித்தது போதும் என்று அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார். எம்.ஏ. சேரவும் விடுதிக்குக் கட்டவும் அம்மா பணம் கொண்டுவந்து வைத்தாள். சங்கத்தில் கடன் வாங்கியதாகச் சொன்னாள். பதினேழு வருஷமாக நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் பெயருக்கு முன்னால் நிற்கும் 'முனைவர்' அந்தப் பொருந்தாத பெயரிலிருந்து வந்தது. அன்றைக்கு எல்லாப் பதிவுகளும் ஒன்றாகக் கோக்கப்பட்டு, குடும்ப அட்டையின் எண்ணைத் தட்டினால் வீட்டிலுள்ள அத்தனை பேரின் கணக்கும் விரிந்திருக்குமானால், அந்தப் பணம் அம்மாவிடம் இருந்திருக்காது. நகையாகவோ வலையாகவோ போயிருக்கும். வேறுபாடு பெண்ணை அலையவிடும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. சில சமயம் ஒளித்தும் வைக்கும் என்பதை அம்மாவிடம்தான் படித்தேன். எதைக் காட்டலாம் என்ற பட்டியலை அவரவரே போட வேண்டும் என்று 1985இல் எழுதிய அந்த இருவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்று முழுதாக விளங்கியது.

*

அந்த வருஷம் செப்டம்பர் 26ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசின் நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்கலாம். வங்கிக் கணக்கோடும் செல்பேசி எண்ணோடும் கட்டாயமாக இணைக்கச் சொல்லக் கூடாது என்றது. அதற்குள் அம்மாவின் 'இருவரும் ஒருவரே' உறுதிமொழியில் நோட்டரி முத்திரை விழுந்து, வைப்புத்தொகையும் கைக்கு வந்துவிட்டது.

அதன் பிறகு பதிவேடுகள் இன்னும் நெருங்கி வந்துவிட்டன. 2023 செப்டம்பர் 15ஆம் தேதி கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். பெண்ணின் கூலியில்லா வீட்டு உழைப்பை 'உரிமை' என்ற சொல்லால் அரசு ஏற்றுக்கொண்டது சின்ன விஷயம் அல்ல. முதல் கட்டத்தில் 1 கோடியே 63 லட்சம் விண்ணப்பங்கள் வந்தன. 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் இருக்கக் கூடாது. 5 ஏக்கருக்கு மேல் நன்செய் இருக்கக் கூடாது. கார் இருக்கக் கூடாது. இவையெல்லாம் வேறு வேறு துறைகளின் பதிவேடுகள். அவை ஒன்றோடொன்று பேசினால்தான் இத்தனை பெரிய தேர்வு நடக்கும்.

அந்தப் பேச்சின் மையத்தில் இருப்பது குடும்ப அட்டை. கார் கணவன் பெயரில் இருக்கலாம். அதில் அவள் ஏறியே இருக்கமாட்டாள். நிலம் மாமனார் பெயரில் இருக்கலாம். 'குடும்பத்துக்கு உண்டு' என்பது பதிவேட்டில் இருக்கும் பொருள். 'அவளுக்கு உண்டு' என்பது வாழ்க்கையில் இருக்கும் பொருள். சேத்தும் லார்சனும் சொன்ன சாப்பாட்டு விலை மாதிரி, சொல் ஒன்று, பொருள் இரண்டு. இதைக் கணினி அறியாது. கணினிக்கு வரைவு எழுதுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும். என் மாணவிகளிடம் இதைத்தான் சொல்கிறேன். தமிழ் படிக்கும் பிள்ளைகள் அந்த அறைக்குள் போக வேண்டும். பாடபேதம் பார்த்துப் பழகிய கண் அங்கே தேவைப்படுகிறது.

அதே 2023இல் அஞ்சலகச் சிறுசேமிப்புக் கணக்குகளுக்கும் செப்டம்பர் இறுதிக்குள் ஆதார் எண் தர வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் நான் கல்லூரிக்குப் போயிருந்த நேரத்தில் தனியாகத் தபால் ஆபீசுக்குப் போய்க் கணக்கை முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"பணத்த எங்கம்மா வெச்சிருக்க?" என்று கேட்டேன்.

அம்மா முறத்திலிருந்து நிமிரவில்லை.

"அது உனக்கெதுக்குத்தா?"